ஜன்னல் வழியாக உள்ளே போன டிரில்

எங்கள் கடையில் ஒயர் இல்லாத டிரில் ஒன்று இருந்தது. முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அப்போது கோயமுத்தூரில் அது எத்தனை பேரிடம் இருந்ததோ தெரியாது. நான் பார்த்தது அது ஒன்றுதான். கைப்பிடிக்கு அடியில் அரைச் செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி. இன்னொரு பேட்டரி சார்ஜரில் கிடக்கும். பாதி இருக்கும்போது சார்ஜ் போட்டால் பேட்டரி கெட்டுப்போகும், சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தார். அதனால் பொழுதோடு கடை சாத்துமுன் வாசலில் நின்று அதைச் சும்மா சுற்றவிட்டுத் தீர்ப்பேன். பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஏனுங் மிஸ்திரி, காத்துல ஓட்டை போடறீங்ளா?"

"ஆமாங். ஓட்டைக்கு ஒரு டீ."

கடை பீளமேட்டில். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி வந்து கடையிலேயே பூட்டிக் கொடுப்பார்கள். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் நேராகச் சம்பந்தம் கிடையாது. நான் ஏழாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் வரும் ரூமுக்கு என்ன வேண்டுமோ அது என் வேலை. லைன் இழுப்பேன். போர்டு மாட்டுவேன். மேசை பூட்டுவேன். வெளியில் குழி வெட்டி எர்த் போடுவேன். எர்த் சரியில்லாத இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். ஆளுக வைரஸ் வைரஸ் என்பார்கள். போய்ப் பார்த்தால் குழியில் உப்பு கரைந்து போயிருக்கும்.

பெட்டிக்குள் கை வைப்பது அம்மணியின் வேலை. பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். கடையில் சர்வீஸ் இன்ஜினியர் என்று போர்டு வைத்த மேசை அதனுடையது. எனக்கு அது அம்மணி. அதுக்கு நான் அண்ணன். கம்ப்ளெயின்ட் வந்தால் பெரும்பாலும் ரெண்டு பேரும்தான் போவோம். பஸ்ஸில் அது முன்னால், நான் பின்னால்.

மில் ஆபீஸுக்குப் போனால் பெட்டியைத் திறந்ததும் உள்ளே பஞ்சு அடைத்துக் கிடக்கும். ஃபேன் சுற்றாது. பஞ்சு விழக்கூடாது என்று ஓடுகிற பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடியும் வைத்திருப்பார்கள். அம்மணி பஞ்சை விரலால் உருட்டி எடுத்து மேனேஜரின் மேசையில் வைக்கும்.

"சார், இதை நூத்துருங்க. அரைச் சேலைக்கு ஆகும்."

மேனேஜரே சிரித்துவிடுவார். டிரில்லில் திருகு பிட்டை மாட்டிப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் நான். பையன்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். கல்லூரி லேபில் மேசை பூட்டியபோது ஒரு பையன் ரொம்ப நேரம் நின்றான்.

"அண்ணா, ஒருக்கா அமுத்திப் பாக்கட்டுங்ளா?"

கொடுத்தேன். அமுக்கினான். சிரித்தான். "தேங்க்ஸுங்ணா" என்று திருப்பிக் கொடுத்தான்.

எனக்கு அந்த வேலையில் பிடித்தது ஒன்று. கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்போடு யாரும் போக முடியாது. தூசி ஆகாது என்று வெளியே கழட்டிவிட வேண்டும். பிரின்சிபால் செருப்பு, வாத்தியார் செருப்பு, பையன்கள் செருப்பு, என் செருப்பு, எல்லாம் ஒரே குவியல். ஏசி ரூமுக்குள் எல்லோரும் வெறுங்கால். நான் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

சேர்ந்த புதிதில் அம்மணி கேட்டது.

"உங்களுக்கு எந்த ஊருங்ணா?"

"மேட்டுப்பாளையம் பக்கம்."

"பக்கம்னா எங்கீங்?"

"பக்கம்தான் அம்மணி. அந்த ஸ்பேனரை எடு."

எங்கள் சீமையில் ஊரைக் கேட்டால் அடுத்தது எந்தத் தெரு. அதுக்கு அடுத்தது யாரு ஊடு. மூன்று கேள்விதான். அதோடு ஆள் யார் என்று முடிந்துவிடும். நான் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுவேன். அம்மணி மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதற்கு அதுக்கு அதுவே போதுமாக இருந்தது. என் பையைத் திறந்து தண்ணி பாட்டிலைக் கேட்காமல் எடுக்கும். வாய் வைத்துக் குடிக்கும். மீதியை அப்படியே மூடி உள்ளே போடும். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதுக்கு மேலே வேறு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் முதலாளி கம்ப்ளெயின்ட் சீட்டைக் கொடுத்தார். காரமடையைத் தாண்டி ஒரு தோட்டத்து வீடு. பாக்கு மண்டி வைத்திருப்பவர். பையன் பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கிறான். மண்டிக் கணக்குக்கும் பையன் படிப்புக்கும் சேர்த்து எங்களிடம்தான் கம்ப்யூட்டர் வாங்கி, அவர்களே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். கிணற்று மோட்டாரைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்து எழுகிறதாம். தொட்டால் ஷாக் அடிக்கிறதாம்.

"நீங்க அந்தப் பக்கந்தானுங்ளே மிஸ்திரி. வழி தெரியும். அம்மணியக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க."

தெரியும். அந்தத் தோட்டத்தில் என் அப்பன் மாட்டுக்காரனாக இருந்தான். நானும் அங்கே சாணி வழித்தேன். தோட்டக்காரரை எங்கள் காலனி ஆளுக பண்ணாடி என்போம். அவர் சம்சாரம் பண்ணாடிச்சி. அப்பன் செத்த பிறகு அம்மாவும் நானும் கோயமுத்தூருக்கு வந்துவிட்டோம். அப்போது எனக்கு மீசை முளைக்கவில்லை.

வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். இத்தனை வருசம் ஆச்சு, பேண்ட் போட்டிருக்கிறேன், சட்டைப் பையில் கடை பேர் அச்சடித்திருக்கிறது, யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து தோட்டம் வரைக்கும் நடை. அம்மணி ஏதோ பேசிக்கொண்டே வந்தது. கேட்டுக்கு வந்தோம். பச்சைப் பெயிண்ட் அடித்த பெரிய கேட். உள்ளே வீட்டுப் படி வரைக்கும் சிமெண்டுப் பாதை. அம்மணி கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக நடந்தது.

நான் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழட்டினேன்.

கழட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக் கழட்டவில்லை. கால் கழட்டிவிட்டது. பாதி தூரம் போன பிறகு சிமெண்டுச் சூடு உறைத்தபோதுதான் தெரிந்தது. அம்மணி திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்ணா, அங்கயே உட்டுட்டீங்? நாய் தூக்கிட்டுப் போயிருங்."

"செம்மண்ணு ஒட்டிருக்குது" என்றேன். செருப்பில் மண் இல்லை.

படிக்கட்டில் பண்ணாடிச்சி நின்றார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"வாங்க வாங்க. கம்பெனியில இருந்துங்ளா? உள்ள வாங்க ரெண்டு பேரும். வெயில்ல வந்திருக்கீங்க."

எனக்கு ங்க போட்டார். நான் படிவரைக்கும் போய்விட்டேன். இன்னும் ரெண்டு படி. அப்போது பக்கவாட்டில் தென்னை மரத்துக்குக் கீழே கட்டிலில் இருந்து குரல் வந்தது. பண்ணாடி.

"இருப்பா. யாரு அது, கேட்டுலயே செருப்ப உட்டுப்போட்டு வர்றது?"

நின்றேன்.

"கம்பெனி ஆளு அப்படி வர மாட்டானே. எந்த ஊரு?"

"மேட்டுப்பாளையம் பக்கமுங்."

"பக்கம்னா?"

அவர் எழுந்து வந்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நிஜமாகவே சந்தோஷம்.

"அடேய், நீ நம்ம மாட்டுக்காரன் பையன்ல்ல? அப்பனாட்டவே நிக்கறயே! நம்ம கட்டுத்தரையில சாணி வழிச்ச பையன் பாரு, இன்னைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறான். உங்கொம்மா இருக்கறாளா?"

"இருக்குதுங் சாமி."

சாமி என்றுதான் சொன்னேன். அந்தச் சொல்லை நான் பல வருசமாக எடுக்கவே இல்லை. அது வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

பண்ணாடிச்சி படியில் ஒரு அடி பின்னால் போனார்.

"நீ அப்படியே பொடக்காளிப் பக்கம் போயி ஜன்னல்கிட்ட நில்லு. கண்ணு, நீ வா. நீ உள்ள வா கண்ணு. உனக்கு எந்தூரு? யாரு ஊடு?"

அம்மணி நகரவில்லை. என்னைப் பார்த்தது. நான் பையைப் பார்த்தேன்.

"நீங்க போங்க" என்றேன். அம்மணிக்கு நான் ங்க போட்டது அதுதான் முதல்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி. தண்ணித் தொட்டி, துவைக்கிற கல், கருவேப்பிலை மரம். எதுவும் மாறவில்லை. கட்டுத்தரைக்கு மட்டும் சிமெண்டு போட்டிருந்தார்கள். ஜன்னலில் கம்பி. உள்ளே கம்ப்யூட்டர் தெரிந்தது. மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அடுத்த ரூம் சாமி ரூம். படிக்கிற சாமான், சாமி ரூமை ஒட்டின சுவரில் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னாராம். அதை அந்தச் சுவரை விட்டு நகர்த்த மாட்டார்கள்.

பையன் வந்தான். லேபில் டிரில்லை அமுக்கிப் பார்த்த அதே பையன். என்னைக் கம்பிக்கு வெளியே பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, அண்—"

அதோடு நிறுத்தினான். அவன் அம்மா பக்கத்தில் நின்றார். அதுக்குப் பிறகு அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ங்கவும் போடவில்லை. டாவும் போடவில்லை. "இதை இப்படிப் பண்ணிட்டா சரியாயிருமா" என்று சுவரைப் பார்த்துக் கேட்பான். நான் சொல்லுவேன். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

அம்மணி பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. கையை உதறியது.

"சுள்ளுங்குதுங்ணா."

"எர்த்து இல்லீங்க. தனியாப் போடோணும். மோட்டாரு லைன்ல இல்லாம போர்டும் வேற போடோணும்."

ஜன்னலுக்குக் கீழேயே குழி வெட்டினேன். அது எனக்குக் கஷ்டமில்லை. கரி, உப்பு, குழாய் எல்லாம் அவர்களிடமே இருந்தது. தண்ணி ஊற்றி மூடினேன். எர்த் கம்பியை ஜன்னல் கட்டை வழியாக உள்ளே விட்டேன். வெளி வேலை முடிந்தது. உள் வேலை பாக்கி. சுவரில் நாலு ஓட்டை போட்டு போர்டை மாட்டி, எர்த் கம்பியைத் திருகில் இறுக்க வேண்டும்.

அம்மணி சாதாரணமாகக் கூப்பிட்டது. அதுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லையோ, புரிந்தும் கூப்பிட்டதோ, எனக்குத் தெரியாது.

"வாங்ணா உள்ள. இங்கதான் போர்டு வரும்."

பண்ணாடிச்சிதான் பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"அவன் வேண்டாம் கண்ணு. சாமி ரூமு பக்கம். தப்பா நெனச்சுக்காத. அவனுக்கே தெரியும்."

"அப்ப ஓட்டை யாருங் போடறது?"

"அவன் அங்கிருந்து சொல்லட்டும். இவன் போடுவான்."

பையன் முன்னால் வந்தான். அவனுக்கு டிரில்லைப் பிடிக்க ஆசையும் இருந்தது. அந்த மிஷினுக்கு ஒயர் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகும். கம்பிக்கு நடுவே நீட்டினேன். பேட்டரி இடித்தது. சாய்த்து உள்ளே விட்டேன். எடுத்துக்கொண்டான்.

"கோடு போட்ட இடத்துல வெச்சு நேரா அமுத்துங்க சாமி" என்றேன். லேபில் அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன்.

அமுக்கினான். சத்தம் வந்தது. சுவரில் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை இந்தப் பக்கம் தள்ளினால் முன்னால் சுற்றும், அந்தப் பக்கம் தள்ளினால் பின்னால் சுற்றும். கம்பிக்குள் விடும்போது அது தட்டுப்பட்டுத் திரும்பியிருக்கிறது. ஜன்னலிலிருந்து எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. பிட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியவில்லை. அவன் முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டே நின்றான். பண்ணாடி எட்டிப் பார்த்தார்.

"என்றா இது, கோழி கீறுன மாதிரி இருக்குது? சிங்கப்பூரு மிசினு இவ்வளவுதானா?"

"செவுரு கெட்டிப்பா" என்றான் பையன்.

"நம்மூட்டுச் செவுரு அப்படித்தான். உங்க தாத்தன் கட்டுனது."

அம்மணிதான் கவனித்தது. "ரிவர்ஸ்ல சுத்துதுங்" என்று லீவரைத் தள்ளியது. அதுக்குள் பேட்டரி இறங்கிவிட்டது. ஒரு ஓட்டை பாதியில் நின்றது. அடுத்த பேட்டரியைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். கையால் ஓட்டை போடுகிற ஜம்பரும் சுத்தியும் என் பையில் இல்லை. டிரில் வந்த பிறகு அதுகளை நான் எடுத்துப் போவதே இல்லை.

"குடுங்க, நானே போடறேன்" என்று அம்மணி டிரில்லை வாங்கியது. அது அதுவரைக்கும் சுவரில் ஓட்டை போட்டதில்லை. ரெண்டு கையாலும் பிடித்தது. பிட் கோட்டை விட்டு விலகியது.

"நேரா இருக்குதாங்ணா?"

"கொஞ்சம் மேலங்க. ஆமாங்க. அமுத்துங்க. போதுமுங்க."

என் குரல் எனக்கே கேட்டது. அந்தக் குரலில் என் அப்பன் பேசுவான். குனிந்து, வாய்க்கு முன்னால் கை வைத்த மாதிரி. அம்மணியை நான் திட்டுவேன். கிண்டல் பண்ணுவேன். "ஏய் அம்மணி, ஸ்குரூவைத் தின்னுபோட்டயா?" என்பேன். அந்த ஜன்னலில் நின்றுகொண்டு எனக்கு அதுவெல்லாம் வரவில்லை. அம்மணி ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

மூன்று ஓட்டை விழுந்தது. ஒன்று கோணல். நாலாவதில் பேட்டரி தீர்ந்தது.

"மூணு திருகுல நிக்குமாங்ணா?"

நிற்காது என்று தெரியும். ஒரு ஓட்டை பெரிதாகிப் போயிருந்தது, திருகுக்கு வைக்கிற பிளக் ஆடும். நாளைக்கு வந்து சரியாகப் போடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கும் அதே ஜன்னல்தான்.

"நிக்குமுங்க."

எர்த் கம்பியைப் பையன் முடுக்கினான். "நல்லா இறுக்குங்க சாமி" என்றேன். "இறுக்கியாச்சு" என்றான். பெட்டியில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரியவில்லை, ஷாக் இல்லை. மோட்டாரைப் போட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் அணையவில்லை. பண்ணாடி மகனைப் பார்த்துக் கை தட்டினார்.

"பாத்தயா, நம்ம பையன் வேலைய!"

பண்ணாடிச்சி காபி கொண்டு வந்தார். உள்ளே அம்மணிக்கு வெள்ளி டம்ளர். எனக்கு ஜன்னல் திண்டில் பிளாஸ்டிக் கப். பையன் பிறந்தநாளுக்கு வாங்கினதில் மிச்சமாம். என் அப்பனுக்குக் கொட்டாங்குச்சி இருந்தது. குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே போடப் பிடிக்கவில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது. அம்மணி டம்ளரைத் தொடவில்லை. "நான் காபி குடிக்கறதில்லீங்க" என்றது. அது ஒரு நாளைக்கு அஞ்சு காபி குடிக்கும்.

கேட்டுக்கு வெளியே செருப்பு இருந்தது. மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மணி முன்னால் போகாமல் எனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தது.

"சாரிங்ணா."

"எதுக்கு?"

"இல்லீங்ணா..."

"ஜன்னலச் சாத்து. தூசி."

பெரியநாயக்கன்பாளையம் தாண்டினதும் அது என் பையைத் திறந்தது. பாட்டிலை எடுத்தது. மூடியைக் கழட்டி என்னைப் பார்த்தது. நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு வாய் வைத்துக் குடித்தது. தேவைக்கு மேலே குடித்தது. அதுக்கு அப்போது தாகம் இல்லை. எனக்குத் தெரிந்தது. நல்ல மனசில்தான் செய்தது. அன்றைக்கு நடந்ததிலேயே எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். பண்ணாடிச்சி சொன்னதாவது நான் கேட்டு வளர்ந்தது. இது புதுசு. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதுக்குப் பிறகும் அண்ணா என்றுதான் கூப்பிட்டது. குறையொன்றும் இல்லை. ஆனால் கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி கூப்பிட்டது. முன்பெல்லாம் "அண்ணா, அதை எடுங்க" என்று கத்தும். இப்போது தானே எழுந்து வந்து எடுத்துக்கொள்ளும்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்... சரிங்... அப்படிங்ளா... நான் பாத்துக்கறனுங்" என்றார். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடையில் வாடிக்கையாளர் ரெண்டு பேர் இருந்தார்கள். அம்மணி ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மிஸ்திரி, காரமடை தோட்டத்து ஊட்டுல போர்டு ஒரு பக்கம் தொங்குதாமுங். திருகு புடுங்கிட்டு வந்துருச்சாம். எர்த்துக் கம்பி கழண்டு, பையனுக்கு ஷாக் அடிச்சிருக்குது. நல்லா அடிச்சிருக்குதாம். கைய உதறி உழுந்திருக்கறான்."

"இப்ப பையனுக்கு எப்படி இருக்குதுங்?"

"நல்லாத்தான் இருக்கறானாம். அந்தப் போர்டு நீங்க போட்டதுங்ளா?"

அம்மணியின் கையில் ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

உண்மையைச் சொல்லலாம். நான் போடவில்லை, என்னை உள்ளே விடவில்லை. ரெண்டே சொல்தான். சொன்னால் ஏன் விடவில்லை என்பார். கடையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலாளி நல்ல மனுசன். திட்டினாலும் ங்க போட்டுத்தான் திட்டுவார். தெரிந்துவிட்டால் இன்னும் நல்லவராக ஆகிவிடுவார். ஒருத்தர் அப்படி ஆனதையே என்னால் தாங்க முடியவில்லை.

"நான் போட்டதுதானுங்."

"உங்க வேலை இப்படி இருக்காதேங்."

"அவசரத்துல போட்டுட்டனுங்."

"கரண்ட்டு வேலையில அவசரமுங்ளா? பையனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? யாரு பதில் சொல்றது?"

"தப்புத்தானுங்."

அம்மணி எழுந்தது. வாயைத் திறந்தது. நான் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கொஞ்சமாகத்தான் ஆட்டினேன். அது நின்றது. பிறகு உட்கார்ந்தது. திறந்த பெட்டிக்குள் குனிந்துகொண்டது. ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

முதலாளி வேறு மிஸ்திரியை அனுப்பினார். கணபதி ஏரியாப் பக்கத்து ஆள். வெளி வேலை இருந்தால் கூப்பிடுவோம். டிரில்லையும் ரெண்டு பேட்டரியையும் நானே எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தார். முன்வாசல் வழியாகப் போயிருக்கிறார், முன்வாசல் வழியாக வந்திருக்கிறார். அவரை யாரும் ஊர் கேட்கவில்லை.

"ஏனுங், செவுரெல்லாம் எலி நோண்டுன மாதிரி வெச்சிருக்கறீங். கண்ண மூடிட்டுப் போட்டீங்ளா?"

"ஆமாங்."

அவர் நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார்.

"நல்ல ஆளுகங் அவுங்க. சாப்படாம உட மாட்டேன்னுட்டாங்க. ஊட்டுக்குள்ள ஆசாரத்துல உக்கார வெச்சு எலை போட்டு, பருப்பு, நெய்யி... கடைசியில பாயசம் வேற. அடுத்தாப்புல அந்தப் பக்கம் வேலை வந்தா எனக்கே சொல்லுங்."

"சொல்றனுங்."

அம்மணி அங்கேதான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு என் மேசைக்கு வந்தது. டீக்கடையிலிருந்து வந்த ரெண்டு டம்ளரை வைத்தது.

"ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்? ஓட்டை போட்டது நானு. நான் போட்டதுன்னு நானே சொல்லியிருப்பேன்."

"சொன்னா, நீ எதுக்குப் போட்டேம்பாரு முதலாளி."

அது என் மேசையில் கிடந்த திருகை எடுத்து உருட்டியது.

"என்ன பதில் சொல்லியிருப்ப?"

அதுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் டம்ளரை அது பக்கம் தள்ளினேன்.

"குடி. ஆறுது."

"உங்களுக்குத்தானுங்ணா கெட்ட பேரு."

"இருந்துட்டுப் போகுது."

அது டம்ளரை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டது.

முதலாளி கொஞ்ச காலம் எனக்குப் போர்டு வேலை கொடுக்கவில்லை. மேசை பூட்டுவதோடு சரி. கணபதி மிஸ்திரிதான் சுவரில் கை வைத்தார். கடைப் பையன்கள் எனக்குக் கோணப் போர்டு என்று பேர் வைத்தார்கள். நான் வரும்போது தலையைச் சாய்த்து நிற்பார்கள். டீக்கடைக்காரருக்கும் தெரிந்துபோனது.

"காத்துல போடும்போதே நெனச்சனுங், கோணலாப் போடறீங்ளேன்னு."

நானும் சிரித்தேன். அந்தப் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பினேன். அது கைவேலைக்கு வந்த பேர். சரியாக நாலு போர்டு மாட்டினால் போய்விடும்.